மறு: ஆல்ட் டெக்ஸ்ட்டுக்கு "ஈடுரை" சரியா வருமா?

வணக்கம். படத்தைப் பாக்க முடியாதவங்களுக்காகப் படத்தோட சேத்து எழுதற உரைதான் ஆல்ட் டெக்ஸ்ட். அதைத் தமிழ்ல "ஈடுரை"ன்னு சொல்லலாமேன்னு நான் சொன்னதுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> "மாற்று உரை" ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதை ஏன் திரும்பக் கிளறணும்?

கிளற வேண்டியிருக்குங்க. போன வாரம் ஒரு மென்பொருளோட தமிழாக்கத்தை என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் (திரையில இருக்கறதைக் குரலாப் படிக்கற மென்பொருள்) வச்சு சோதிச்சோம், கீபோர்டுல உட்கார்ந்தவர் பார்வையில்லாத நண்பர், பல வருஷமா ஸ்க்ரீன் ரீடர்லயே வேலை பாக்குறவர். படம் ஏத்துற பக்கத்துல டேப் அமுக்கினதும் "மாற்று உரை"ன்னு குரல் வந்துச்சு. அவர் கை நின்னு போச்சு. "எந்த உரையை மாத்தணும்? நான் இன்னும் ஒண்ணுமே எழுதலையே"ன்னு கேட்டார். பக்கத்துலயே "நீக்கு", "சேமி"ன்னு பட்டன் இருக்கும்போது "மாற்று"ங்கறதும் கட்டளையாத்தானே காதுல விழும்? கண்ணால பாத்து மொழிபெயர்த்த நமக்கு இது தோணவே இல்லை. தானா சோதிக்கிற கருவியும் அந்தப் பக்கத்துல பிழையே இல்லைன்னுதான் சொல்லுச்சு, அதுக்கு லேபிள்னு ஒண்ணு இருந்தா போதும், கேக்குறவருக்குப் புரியுதாங்கறது அதுக்குத் தெரியாது.

"படவிளக்கம்"னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க. அதுல வேற சிக்கல். தேடல் பட்டன்ல இருக்கற பூதக்கண்ணாடி படத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னா "பூதக்கண்ணாடி"ன்னுதான் எழுதுவாங்க, ஆனா அங்க வர வேண்டியது "தேடு". 2008ல வந்த டபிள்யூசிஏஜி 2.0ங்கற இணைய அணுகல்தன்மை நெறிமுறையோட 1.1.1 விதி கேக்குறதும் இதைத்தான், படம் செய்யற வேலையை உரையும் செய்யணும். அதனாலதான் ஈடுரைங்கறேன், படத்துக்கு ஈடா நிக்கற உரை. அலங்காரப் படத்துக்கு ஆல்ட்டை வெறுமையா விடுறோமே, அதை "வெற்று ஈடுரை"ன்னு சொல்லிரலாம், ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டிப் போயிரும். ஆல்ட்டே எழுதாம விட்ட படத்துக்கு "ஈடுரை இல்லை". இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு குழப்பிக்கறவங்க நிறைய, லிங்க்கா இருக்கற படத்துக்கு ஆல்ட் விட்டுப்போனா கோப்புப் பெயரையே எழுத்தும் எண்ணுமா படிச்சுத் தொலைக்கும், கேக்கவே கஷ்டமா இருக்கும்.

ஈடுன்னா அடகுன்னும் பொருள் வருமேன்னு ஒரு கேள்வி வந்துச்சு. வரும்தான். ஆனா "ஈடுகட்டு", "இழப்பீடு"ன்னு சொல்லும்போது யாரும் அடகுக்கடையை நினைக்கறதில்லை, இடம் பாத்துத்தான் புரிஞ்சுக்கறோம். "ஈடுரை"ங்கறது ஒரே சொல், கட்டளை மாதிரியும் ஒலிக்காது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு, இ-ஸ்பீக்ங்கற கணினிக் குரல்ல வேகத்தைக் கூட்டி வச்சா "ஈடுரை" தெளிவா விழுதான்னு கேட்டுப் பாக்கணும். அந்த நண்பர் ஞாயித்துக்கிழமை வர்றதா சொல்லியிருக்கார், லேபிளை மாத்தி வச்சிருக்கேன். உங்கள்ல ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்தறவங்க இருந்தா நீங்களும் கேட்டுட்டு எழுதுங்க, அதுக்கப்புறம் கலைச்சொல் பட்டியல்ல சேக்கலாம்.