எனாமல் பூசிய கிரில் கம்பித் தட்டு: தேய்க்கலாமா, பழக்க வேண்டுமா?

குளிர்நாடன்:
டொரொண்டோ பக்கம் வீடு மாறினோம், முன்பு இருந்தவர்கள் காஸ் கிரில்லை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே வார்ப்பிரும்புத் தட்டு, மேலே கறுப்பு எனாமல் பூச்சு. பழைய கொழுப்பு கருகி ஒட்டியிருக்கிறது, ஓரிரு இடத்தில் பூச்சு பெயர்ந்து துரு தெரிகிறது. தோசைக்கல் மாதிரி கம்பி நார் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிப் பழக்கினால் சரியாகுமா? இல்லை புதுசுதான் வாங்க வேண்டுமா?

கரித்துண்டு:
தோசைக்கல் கணக்கு இதற்குச் செல்லாது. எனாமல் என்பது சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி இரும்பின்மேல் ஒட்டவைத்த கண்ணாடி, பூச்சு நன்றாக இருக்கிற இடத்தைப் பழக்கத் தேவையே இல்லை. முதலில் அடியில் இருக்கும் கொழுப்புத் தட்டைக் காலி செய்யுங்கள், அதை மறந்தால் தீப்பிடிக்கும். அப்புறம் மூடியை மூடி, பர்னர்களை முழுசாக வைத்து கால் மணி நேரம் விட்டால் கருகல் சாம்பலாகிவிடும், பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். சூட்டோடு தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள். ஆவியில் அழுக்கு கிளம்பும் என்று வீடியோவில் காட்டுவார்கள், ஆனால் திடீரென்று குளிர்ந்தால் கண்ணாடியும் இரும்பும் ஒரே மாதிரி சுருங்காது, பூச்சு விரிசல் விட்டுப் பெயரும்.

அடுக்களை அக்கா:
கம்பி பிரஷ் வேண்டாம் தம்பி. முள் உதிர்ந்து கறியோடு உள்ளே போய், தொண்டையிலும் குடலிலும் குத்திய கேஸ்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2012இல் எழுதியது. அலுமினியத் தாளைக் கசக்கி இடுக்கியில் பிடித்துத் தேய்த்தாலே வந்துவிடும், மரச் சுரண்டியும் நல்லது. நைலான் பிரஷ் என்றால் தட்டு நன்றாக ஆறிய பிறகுதான், இல்லாவிட்டால் உருகி ஒட்டிக்கொண்டு அது வேறு வேலை. அப்படியும் போகாததற்கு வெந்நீரும் பாத்திர சோப்பும் போதும், ஆனால் ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள், பெயர்ந்த இடத்தில் இன்னும் துருப்பிடிக்கும். கழுவியதும் துடைத்து, அடுப்பில் வைத்தே காய வைத்துவிடுங்கள்.

குளிர்நாடன்:
நன்றி அக்கா. பெயர்ந்த இடத்தை என்ன செய்வது? தயிர் மசாலா தடவிய கோழியும் விடாமல் ஒட்டுகிறது.

கரித்துண்டு:
அந்த இடத்துக்கு மட்டும் உங்கள் தோசைக்கல் வைத்தியம் பொருந்தும். துருவைத் தேய்த்து எடுத்து, கடலை எண்ணெயைப் பட்டும் படாமலும் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். பக்கத்துப் பூச்சை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சில்லு சில்லாக உதிர்ந்தால் மாற்றிவிடுவதுதான் சரி, அது கண்ணாடித் துண்டு, சாப்பாட்டில் விழக்கூடாது.

கோழி ஒட்டுவதற்குத் தட்டைக் குறை சொல்லாதீர்கள். தொங்குகிற மசாலாவை வழித்துவிட்டு, எண்ணெயைக் கறிமேல் தடவி, தட்டு நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், அடிப்பக்கம் வெந்து தானாக விடும்வரை கிளறாதீர்கள். புதுசு வாங்குவதாக இருந்தால் பழைய தட்டின் நீள அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.