பல்கலைக்கழகக் காவல் அதிகாரிகளுக்குப் பொதுவான தலைமைப் பயிற்சி போதுமா?

பொதுநிர்வாக மாணவி:
அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் காவல் துறைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். பல வளாகங்களில் இவர்கள் வெறும் வாயிற்காவலர்கள் அல்லர். பதவிப் பிரமாணம் எடுத்து, துப்பாக்கி ஏந்தி, கைது செய்யும் அதிகாரத்துடன் பணியாற்றுபவர்கள். இவர்களில் மேற்பதவிக்குத் தயாராகும் சிலர் குவான்டிகோவில் எஃப்.பி.ஐ. நடத்தும் தேசிய அகாடமிக்கோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் காவல் நிர்வாகப் படிப்புக்கோ அனுப்பப்படுகிறார்கள். இரண்டும் 10 வாரப் படிப்புகள். நகரக் காவலர்களோடு அமர்ந்து கற்கும் அந்தப் பாடம் கல்வி வளாகத்துக்குப் பொருந்துமா? ஆள்பலம் குறைந்த ஒரு துறை தன் லெப்டினன்டை (இடைநிலைக் காவல் அதிகாரியை) அத்தனை நாள் விட்டுக்கொடுப்பது தகுமா?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
தகும் என்பதே என் கருத்து. சிறிய துறையில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்த்தே பழகுவதால், தவறான வழக்கங்களும் கேள்வியின்றி நிலைத்துவிடுகின்றன. வெளியே சென்று வருபவர்தான் அவற்றை அடையாளம் காண்கிறார். நீண்ட விடுப்பு இயலாதென்றால், சர்வதேசக் காவல் தலைவர்கள் சங்கம் வகுத்த 3 வாரப் பாடத்திட்டம் இருக்கிறது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் தலைமைப் பாடத்தை அடியொற்றிய அது, பதவி எதுவாயினும் ஒவ்வோர் அதிகாரியும் தலைவரே என்ற அடிப்படையில் அமைந்தது. இரவு 2 மணிக்கு விடுதி வாசலில் நிற்பவர் ரோந்துக் காவலர்தான், துறைத் தலைவர் அல்லர் என்பதால் இந்த அணுகுமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வளாகப் பாதுகாப்பு ஆய்வாளர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் படிப்புகள் எளிதில் தொடாத ஓர் இடம் உண்டு. பல்கலைக்கழகக் காவல் தலைவரின் மேலதிகாரி காவலர் அல்லர், கல்வி நிர்வாகி. அவரிடம் மறுப்புச் சொல்லத் தெரிவதே இங்கே தலைமையின் கடினமான பகுதி. 2011 நவம்பர் 18 அன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், நடைபாதையில் அமர்ந்து போராடிய மாணவர்கள்மீது ஒரு லெப்டினன்ட் மிளகு ஸ்பிரே அடித்தார். அதை விசாரித்த குழு, முன்னாள் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி குரூஸ் ரெய்னோசோவின் தலைமையில் 2012 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், நடந்தது தவிர்த்திருக்கக்கூடியது என்று தெளிவாகக் கூறியது. போராட்டக்காரர்கள் அமைத்திருந்த கூடாரங்களைப் பிற்பகல் 3 மணிக்கு அகற்றும் முடிவு, வளாகத்தின் தலைமை நிர்வாகியான சான்சலருடையது. அந்த நேரத்தை எதிர்த்துக் கேட்காததும், காவலர்களின் பணி என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்ளாததும் காவல் தலைவரின் பிழை என்று குழு கருதியது. பயன்படுத்தப்பட்ட ஸ்பிரே வகையும் துறையின் அனுமதிக்கப்பட்ட ஆயுதப் பட்டியலில் இல்லை. மாணவர்களின் கண்ணில் விழுந்த அந்த எரிச்சல், அதற்கு முன்பே கூட்டங்களில் யாரும் வாய் திறக்காததிலிருந்து தொடங்கியது என்றுதான் நான் அந்த அறிக்கையைப் படிக்கிறேன்.

பொதுநிர்வாக மாணவி:
மிக்க நன்றி, ஐயா. மறுப்புச் சொல்லும் துணிவு இருந்தும் அதிகாரம் இல்லாவிட்டால் என்ன செய்வது?

வளாகப் பாதுகாப்பு ஆய்வாளர்:
அதற்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வளாகத்தைப் பார்க்க வேண்டும். 2007 ஏப்ரல் 16 அன்று காலை சுமார் 7.15 மணிக்கு விடுதியில் இருவர் சுடப்பட்டனர். வளாகம் முழுவதற்குமான மின்னஞ்சல் 9.26 மணிக்குத்தான் சென்றது, சுமார் 9.40 மணிக்கு நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் மீண்டும் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. கொல்லப்பட்டோர் மொத்தம் 32 பேர். அவசரச் செய்தியைத் தாமாகவே அனுப்பும் வசதி வளாகக் காவலர்களிடம் அன்று இல்லை. நிர்வாகத்தோடு அவர்களுக்கும் அந்த அதிகாரமும் வசதியும் இருக்க வேண்டும் என்று மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக் குழு பரிந்துரைத்தது. வளாகக் குற்றங்கள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமான கிளெரி சட்டமும் உரிய காலத்தில் எச்சரிக்கை விடுக்கப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே உங்கள் கட்டுரையில் அதிகாரிகள் எந்தப் படிப்புக்குச் சென்றார்கள் என்பதோடு, திரும்பி வந்தபின் எச்சரிக்கைச் செய்தியை அனுப்பும் பொத்தானை அழுத்தும் உரிமை எழுத்தில் யாருக்கு இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு வளாகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். மேசைப் பயிற்சி (நெருக்கடி ஒன்றைக் கற்பனை செய்து உட்கார்ந்து பேசிப் பார்க்கும் ஒத்திகை) நடத்தும்போது சார்ஜென்ட்டையும் நிர்வாகத் துணைத் தலைவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சார்ஜென்ட்டையே முதலில் பேச விடுங்கள். மூத்தவர் பேசி முடித்த பிறகு இளையவர் மாற்றுக் கருத்துச் சொல்வது அரிது.