ஆடிக்கு மொட்டை போட வேண்டுமாம், பையன் தலையைத் தொடவே விடமாட்டான்

கரூர் அம்மா:
என் மகனுக்கு ஐந்தரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு இன்னும் ஒற்றைச் சொல்லாகத்தான் வருகிறது. தலையில் கை பட்டாலே அலறுவான், எண்ணெய் வைப்பதே பெரிய பாடு. தூங்கும்போது நானே கத்தரிக்கோலால் முடி வெட்டிவிடுகிறேன், எலி கடித்த மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை. இப்போது ஆடிப்பெருக்கு அன்று குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைக்க வேண்டும் என்று மாமியார் நிற்கிறார். "நாலு பேர் பிடித்துக்கொண்டால் அஞ்சு நிமிஷ வேலை" என்கிறார். போன வருடம் சலூனில் அப்படித்தான் பிடித்தோம், அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தத் தெருவுக்குள்ளேயே வர மறுத்துவிட்டான். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பழக்கிவிட முடியுமா, அல்லது வீட்டில் சண்டை போட்டு நிறுத்துவதுதான் வழியா?

தெரபி டீச்சர், சேலம்:
அம்மா, ஒளிக்காமல் சொல்கிறேன், ஆறு வாரத்தில் சவரக்கத்தி வரைக்கும் போக முடியாது. ஆனால் டிரிம்மரையோ கத்தரிக்கோலையோ கொஞ்சமாவது ஏற்றுக்கொள்ள வைக்கலாம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மெல்லத் தடவுவதுதான் தாங்காது, உள்ளங்கையை அழுத்தி வைத்தால் தாங்குவார்கள். அதனால் தினமும் குளிப்பாட்டுவதற்கு முன்னால், அவன் பார்க்கிற மாதிரி எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பத்து வரை எண்ணுங்கள். பத்து ஆனதும் கையை எடுத்துவிட வேண்டும், பதினொன்றாவது எண்ணக் கூடாது. எப்போது முடியும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். "போதும்" என்று அவன் சொன்னாலோ கையைத் தட்டிவிட்டாலோ உடனே நிறுத்துங்கள். நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் அடுத்த நாள் உட்காருவான். டிரிம்மரை முதலில் சுவிட்சைப் போடாமலே விளையாடக் கொடுங்கள், அப்புறம் பக்கத்து அறையில் ஓடவிடுங்கள். வெட்டிய முடி கழுத்தில் ஒட்டுவதுதான் சில பிள்ளைகளுக்கு உண்மையான தொல்லை, பழைய பருத்தித் துண்டைச் சுற்றிவிட்டு, முடிந்ததும் நேராகக் குளிக்கக் கூட்டிப்போங்கள்.

நாமக்கல் அப்பா:
சகோதரி, சண்டையே வேண்டாம், பூமுடி கொடுத்துவிடுங்கள். பெண்களுக்கு மூன்று இடத்தில் கொஞ்சம் முடி எடுப்பார்களே, அதேதான். என் மகளுக்கு அப்படித்தான் செய்தோம். ஒரு வாரம் முன்னாலேயே தனியாகப் போய்ப் பூசாரியிடம் பேசினேன், "பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னா சாமி கோவிச்சுக்காது, பூமுடி போதும்" என்றார். இதை நான் சொல்லியிருந்தால் என் அம்மா கேட்டிருக்க மாட்டார், பூசாரி வாயால் வந்ததும் அடங்கிவிட்டார். இன்னொன்று, ஆடிப்பெருக்கு அன்றே போகாதீர்கள், மேளம், கூட்டம், ஒலிபெருக்கி, நமக்கே தலை சுற்றும். சாதாரண நாளில் காலை ஆறரைக்குப் போய் ஏழுக்கு வண்டியில் ஏறிவிட்டோம். தாய்மாமனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மடியில் உட்கார மறுத்தால் இழுக்கக் கூடாது என்று.

முப்பது வயதுக்காரன்:
எனக்கும் ஆட்டிசம் உண்டு, பெரியவன் ஆன பிறகுதான் தெரிந்தது. என்னையும் சிறுவயதில் பிடித்துக்கொண்டுதான் மொட்டை போட்டார்கள். கத்தி வலித்த ஞாபகம் இல்லை. என் கையைப் பிடித்திருந்தது என் பெரியப்பா, அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதற்கப்புறம் அவர் பக்கத்தில் போகவே இல்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. உங்கள் மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். காதுகுத்து காத்திருக்கும், கடுக்கன் வேண்டும் என்று அவனே ஒருநாள் கேட்டாலும் கேட்பான்.

கரூர் அம்மா:
கடைசிப் பதிலைப் படித்துக் காட்டினேன். அத்தை ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்விட்டார். பூமுடி பற்றிக் கணவரே பூசாரியிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். இன்னொரு கேள்வி, தெரபிக்கு மாதாமாதம் செலவு கையை மீறுகிறது. ஏதாவது உதவி கிடைக்குமா?

நாமக்கல் அப்பா:
மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். சான்றிதழ் கையில் வந்ததும் நிராமயா காப்பீட்டில் சேருங்கள், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையுடையது, வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவைத் திரும்பத் தரும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிச் செலவுக்கும் கேட்கலாம். முதலில் நாம் கட்டிவிட்டு அப்புறம் ரசீது அனுப்ப வேண்டும், அதனால் பத்து ரூபாய் பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், அங்கே தெரபி இலவசம், என்ன, வரிசை நீளமாக இருக்கும். உங்கள் கணவர் வருமான வரி கட்டுபவராக இருந்தால், பழைய வரி முறையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு உண்டு.

கரூர் அம்மா:
அட்டை இருக்கிறது, பீரோவில் சும்மா கிடக்கிறது. நாளைக்கே தேடி எடுக்கிறேன். டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி பத்து எண்ணினேன், முதல் நாள் நாலு வரைக்கும், இன்று ஏழு. டிரிம்மரையும் சுவிட்சைப் போடாமல் அவன் கையில் கொடுத்தேன். நேராகக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான். வேறு வாங்க வேண்டும்.