முடக்குவாதம் எதிர்ப்பு சக்தி குறைந்தா வருகிறது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நெல்லைக்காரி:
எனக்கு முடக்குவாதம், அதாவது ஆர்.ஏ., என்று தெரிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "உடம்புல எதிர்ப்பு சக்தி இல்ல, அதக் கூட்டணும்." கஷாயம், லேகியம், சத்துமாவு டப்பா என்று வந்து குவிகிறது. அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை ஓ.பி. வரிசையில் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எதிர்ப்பு சக்தி குறையவில்லை. கிருமியைத் தாக்க வேண்டிய வெள்ளணுக்கள் நம் மூட்டையே தாக்குகின்றன. மூட்டின் உள்பக்கம் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. ஆரோக்கியமாக இருந்தால் அதன் மேற்பரப்பில் இரண்டு மூன்று அடுக்கு செல்தான். ஆர்.ஏ. வந்தால் டி செல், பி செல், மேக்ரோபேஜ் என்ற வெள்ளணு வகைகள் எல்லாம் அங்கே குடியேறி, உறை தடித்து, குருத்தெலும்பின் மேல் படர ஆரம்பிக்கிறது. டி செல் மற்றவற்றைக் கிளப்பிவிடுகிறது. மேக்ரோபேஜ் டி.என்.எஃப்., ஐ.எல்.-6 என்ற, வீக்கத்தைத் தூண்டும் ரசாயனங்களைக் கொட்டுகிறது. இதெல்லாம் சேர்ந்து, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைப் பெருக்கிவிடுகிறது. என் மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரத்தில் இருந்த சின்னப் பள்ளங்களை டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். காலையில் பிரஷைப் பிடிக்கக்கூட விரல் மடங்காத காரணம் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

ஆர்.ஏ.வுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

லேப் தம்பி:
அக்கா, அந்த வெள்ளணுக்களைத் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவன் நான். நல்ல மூட்டு நீர் தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். ஊசியிலிருந்து சொட்டினால் நூல் மாதிரி நீண்டு விழும். ஆர்.ஏ. மூட்டிலிருந்து வருவது கலங்கலாக, தண்ணீர் போலச் சொட்டும். நல்ல மூட்டில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200 வெள்ளணுவுக்கும் குறைவு. இதில் பல ஆயிரம் இருக்கும், பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகை. ரத்தத்துக்கு ஊற்றும் அசிட்டிக் ஆசிட் கலந்த திரவத்தை இதற்கு ஊற்றக் கூடாது, கட்டி தட்டிவிடும். சலைனில் கலந்துதான் எண்ணுவோம். உறைக்குள் டி செல்லும் மேக்ரோபேஜும் நிறைய, நீருக்குள் நியூட்ரோபில் நிறைய. ஒரே மூட்டுதான், இடத்துக்கு இடம் ஆள் வேறு.

ஈரோட்டு மகள்:
அம்மாவுக்கு ஆன்டி-சி.சி.பி., அதாவது ஆர்.ஏ.வில் ரத்தத்தில் காணப்படும் ஆன்டிபாடி, ரொம்ப அதிகம். மற்ற மருந்துகள் கேட்காமல் ரிட்டுக்ஸிமாப் போட்டார்கள். இது பி செல்லைக் குறிவைக்கும் மருந்து. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ட்ரிப்பில் ஏற்றினார்கள். முதல் தடவை பாதியில் தொண்டை அரிக்கிறது என்றார். நர்ஸ் உடனே வேகத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் வந்த ரிப்போர்ட்டில் பி செல் அநேகமாக இல்லை, ஆனால் ஆன்டி-சி.சி.பி. அவ்வளவாக இறங்கவில்லை. பயந்துபோய்க் கேட்டேன். ஆன்டிபாடியைச் சுரக்கிற பிளாஸ்மா செல்லில் இந்த மருந்து ஒட்டுவதற்கான சி.டி.20 என்ற புரதம் கிடையாது, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது, எண்ணைப் பார்க்காதீர்கள், அம்மா கையைப் பாருங்கள் என்றார் டாக்டர். வீக்கம் நன்றாகவே வடிந்திருந்தது. ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். போட வேண்டிய தடுப்பூசிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை வாத்தியார்:
எனக்கு டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசி. அதற்கு முன்னால் டி.பி. டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். "இருமலே இல்லையே, எதுக்கு?" என்று தோன்றியது. நம் ஊரில் பலருக்கு டி.பி. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். அதை மேக்ரோபேஜ்கள் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருக்கின்றன. அந்த வளையம் உடையாமல் நிற்க டி.என்.எஃப். வேண்டும். மூட்டுக்காக அதைத் தடுத்தால் அங்கே கிருமி வெளியே வந்துவிடலாம். எனக்கு டெஸ்ட் பாசிட்டிவ், எனவே டி.பி. தடுப்பு மாத்திரையை முதலில் ஆரம்பித்து, குறைந்தது ஒரு மாதமாவது போகட்டும் என்று காத்திருந்துதான் ஊசி போட்டார்கள். வலியோடு காத்திருப்பது கஷ்டம்தான். ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

இந்த ஊசி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மெய்னி என்ற இருவர் நோயாளிகளின் மூட்டு உறைச் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். இத்தனை ரசாயனங்கள் இருக்கும்போது ஒன்றைத் தடுத்து என்ன ஆகப்போகிறது என்று பலர் சந்தேகப்பட்ட காலம். டி.என்.எஃப்.பைத் தடுத்ததும் ஐ.எல்.-1 என்ற இன்னொரு வீக்க ரசாயனம் சுரப்பதும் குறைந்தது. அந்தத் தைரியத்தில் 1992இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கமும் வலியும் இறங்கின. நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நெல்லைக்காரி:
சார், நீங்கள் எழுதியதை என் ஓ.பி. தோழிகளுக்கும் அனுப்பிவிட்டேன். எனக்கு அடுத்து டோஃபாசிட்டினிப் மாத்திரை பற்றிப் பேச்சு நடக்கிறது. ஐ.எல்.-6 போன்றவை செல்லுக்குள் அனுப்பும் தகவலை அது தடுக்குமாம். அக்கி வர வாய்ப்பு கூடும் என்றும் சொன்னார்கள். இங்கே யாராவது அதைச் சாப்பிடுகிறீர்களா? அக்கி வந்ததா, முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?