புதுப்பிப்பு: புது பூட்ஸ், முதல் நாள்

இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட் வே என்ற நெடுந்தூர நடைப்பாதையில் நடக்கப் புது பூட்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? வேண்டாம் என்றீர்கள். நான்தான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

சிப்பிங் கேம்டனிலிருந்து பாத் வரை மொத்தம் 164 கி.மீ. நேற்று முதல் நாள், 12 பேர், ஸ்டாண்டன் வரை சுமார் 16 கி.மீ. டோவர்ஸ் ஹில் வரை ஜோராகத்தான் போனது. பிராட்வே டவரிலிருந்து இறங்கும் புல்சரிவில் இடது குதிகாலில் கொப்புளம். ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டினேன். ஆடுகள் மேய்வதை நிறுத்தக்கூட இல்லை.

வழி தவறவில்லை, வழிகாட்டிக் கம்பங்களில் பாதையைக் காட்டும் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கிறது. வேலிக் கதவுகளில்தான் தாமதம்: ஒருவர் நுழைந்து, கதவைத் தள்ளி, அப்புறம் அடுத்தவர். எனக்கு அதுவே ஓய்வு.

சரி, இன்று பழைய ஷூ. பூட்ஸ் பையில் தொங்கிக்கொண்டு வருகிறது.