இலங்கையில் வீட்டு வேலைக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உண்டா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

உவர்மலை:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு ஒரு அக்கா பகலில் வந்து பார்க்கிறார். அவருடைய கணவருக்கு நிலாவெளியில் ஹோட்டல் வேலை, ஈபிஎஃப் வெட்டுகிறார்கள். தனக்கும் கட்டுவீர்களா என்று போன கிழமை கேட்டார். விசாரித்தால், தனியார் வீட்டு வேலை அதற்குள் வராதாம். பணிக்கொடைச் சட்டத்திலும் இல்லை, 2016இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது அதிலும் விட்டுவிட்டார்கள். நான் இதை இழுத்து இழுத்துச் சொல்ல, அவர் அம்மாவின் குளிசைகளைக் காலை, மதியம், இரவு என்று பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். "பிரஷர் குளிசை நாளையோட முடியுது தம்பி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மூதூர்:
சட்டம் இருந்தால் மட்டும்? குவைத்தில் 2015இல் வீட்டுப் பணியாளருக்கென்றே 68ஆம் இலக்கச் சட்டம் போட்டார்கள். நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலையில்லை, கிழமைக்கு ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வைத்திருக்கக் கூடாது. நான் போனது அதற்குப் பிறகுதான். என் பாஸ்போர்ட் மேடத்தின் நகை அலமாரிக்குள் கிடந்தது. கேட்டேன். சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, என்னைப் பார்த்தபடியே சிப்பை இழுத்தார். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் 2013இல் அங்கே மரண தண்டனைக்கு ஆளான ரிசானா நபீக்கின் ஊர் இது. எங்களிடம் வந்து சட்டம் பேசாதீர்கள்.

பாலையூற்று:
எங்கள் வீட்டில் பிள்ளை பார்த்தவர் ஒருநாள் சொல்லாமலே நின்றுவிட்டார். சரி, அது பழைய கதை. உவர்மலைத் தம்பி, சட்டம் கேட்காவிட்டால் என்ன, நீங்களே செய்யலாமே. வேலை நேரம், லீவு, சம்பளத் திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் பெயரில் வங்கிப் புத்தகம் திறந்து, ஈபிஎஃபுக்கு முதலாளி கட்டும் 12 வீதத்தை மாதாமாதம் போடுங்கள். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இங்கே வீட்டு வேலையாளுக்கென்று 1871இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்கூட அவர்களைப் பதிந்து வைக்கத்தான். அப்புறம், பொங்கலுக்குச் சேலை வாங்கிக் கொடுத்துவிட்டு அதைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள்.

திருக்கடலூர்:
அண்ணா, அந்த 12 வீதத்தை நான் யாரிடம் கேட்பது? மாமியைப் பார்க்கக் கடை வேலையை விட்டேன், என் ஈபிஎஃப் அன்றோடு நின்றது. சிவராத்திரிக்கு கொழும்பிலிருந்து வந்த மச்சாள், "நீ வீட்டில சும்மாதானே" என்றார். அப்போது மாமியைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ என்றேன். பிடித்தார். இரவு இடுப்புக்குத் தைலம் கேட்டு வந்தார்.