ஏழு பேரின் கதையை மூன்று முறை பார்த்தவர்கள்: அனுபவப் பகிர்வு

தொடக்கப் பகிர்வு, சென்னையிலிருந்து

ஓர் எளிய ஊரைக் காக்க ஏழு வீரர்கள் வரும் கதையான 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' 2016-இல் மீண்டும் எடுக்கப்பட்டு வெளிவந்தபோது, எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த என் தந்தையாரை அழைத்துக்கொண்டு திரையரங்குக்குப் போனேன். அறுபதுகளில் கல்லூரி மாணவராக இருந்த நாளில், ஜான் ஸ்டர்ஜஸ் 1960-இல் இயக்கிய பழைய படத்தைச் சென்னையில் பார்த்தவர் அவர். யூல் பிரின்னரின் கறுப்பு உடையையும், சவ வண்டியின் முன்பலகையில் ஸ்டீவ் மெக்குவீன் உட்கார்ந்தபடி துப்பாக்கிக் குண்டைக் காதருகே ஆட்டிப் பார்ப்பதையும் நான் சிறுவனாக இருந்த காலத்திலேயே அவர் நடித்துக் காட்டியிருக்கிறார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எல்மர் பெர்ன்ஸ்டைனின் பழைய இசை ஒலித்தது. எழுந்து நின்றவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பெயர் போகும்வரை இருந்து கேட்டுவிட்டு வெளியே வந்தபின் அவர் சொன்னது ஒன்றுதான்: "பாட்டு அப்படியே இருக்குப்பா. ஆனா அந்த ஊர்க்காரங்க முகம் ஒண்ணுகூட மனசுல நிக்கலையே."

அன்று எனக்கு அது முதியவரின் ஏக்கமாகவே பட்டது. டென்சல் வாஷிங்டன் குதிரையில் அமர்ந்திருக்கும் நிமிர்வும், கடைசிச் சண்டையின் வேகமும் என்னை முழுவதுமாக ஆட்கொண்டிருந்தன. ஆனால் அவர் சொன்ன சொல் உள்ளேயே கிடந்து உறுத்தியதால், அந்த வாரமே 1960-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். அதன் பிறகு, இரண்டுக்கும் மூலமான அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தை இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பார்த்தேன். 1954-இல் வந்த அந்தப் படம் 207 நிமிடம் ஓடுகிறது.

அதில் ஒரு காட்சி. தங்கள் ஊரைக் கொள்ளையரிடமிருந்து காக்க, சாமுராய் எனப்படும் ஜப்பானிய வாள்வீரர்களைத் தேடி நகரத்துக்கு வந்த உழவர்கள், அவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்த அரிசியைக் காத்துக்கொண்டு சத்திரத்தில் தங்கியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வெள்ளைச் சோறு ஆக்கிப் போட்டுவிட்டுத் தாங்கள் சிறுதானியத்தைத் தின்கிறார்கள். ஓர் இரவு ஜாடியிலிருந்த அரிசி களவு போய்விடுகிறது. தரையில் சிதறிய மணிகளை யோஹேய் என்னும் உழவர் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். பின்னர், முடியாது என்று மறுத்துக்கொண்டிருக்கும் தலைவர் கம்பேயின் முகத்துக்கு நேரே ஒரு கூலியாள் சோற்றுக் கிண்ணத்தை நீட்டி, இது உங்களுக்கு, இவர்கள் தின்பது வேறு என்று கத்துகிறான். கம்பேயாக நடித்த தகாஷி ஷிமுரா அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். அவ்வளவுதான், படத்தின் மீதிப் பகுதி முழுவதும் அந்த ஒரு கிண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

1960-இல் அந்தக் கிண்ணம் இருபது டாலராக மாறுகிறது. ஆறு வாரத்துக்கு ஆளுக்கு இருபது டாலர். ஊரார் தங்களிடமுள்ள அனைத்தையும் திரட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, என் வேலைக்கு நிறையக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள், ஆனால் எல்லாவற்றையும் கொடுக்க யாரும் முன்வந்ததில்லை என்று பிரின்னர் சொல்கிறார். 2016-ஆம் ஆண்டுப் படத்திலும் வாஷிங்டன் ஏறத்தாழ அதே வசனத்தைச் சொல்கிறார். ஆனால் அவரை அசைப்பது அந்தப் பணமூட்டை அன்று. எதிரி யார் என்ற பெயர் காதில் விழுந்த பிறகே அவர் மனம் மாறுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் தன் தாயையும் தங்கைகளையும் இழந்த சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. பழிவாங்க வந்தவருக்கு ஊராரின் வறுமை எதற்கு? தந்தையார் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உதவி கேட்டவர்களுக்காகப் போராட வந்த கதை, உதவ வந்தவரின் பழைய காயத்தைப் பற்றிய கதையாக மாறிவிட்டது. ஆகவேதான் ஊரார் பின்னணியில் கரைந்துபோனார்கள்.

மறுஆக்கத்தை எடைபோட நடிகரையும் சண்டையையும் வைத்துத் தொடங்குவதைக் காட்டிலும், இந்த ஒரு கேள்வியை வைத்துத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்: ஏழு பேரும் ஏன் வந்தார்கள்? நீங்கள் எந்த வரிசையில் பார்த்தீர்கள், உங்களுக்கு என்ன தோன்றியது என்பதை எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி, கோயம்புத்தூரிலிருந்து

ஐயா, நான் உங்களுக்கு நேர்மாறான வரிசையில் வந்தவள். விடுதி அறையில் தோழிகளோடு 2016-ஆம் ஆண்டுப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன்; 1960-ஆம் ஆண்டுப் படத்துக்கு வர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எனவே பழையதன் மேல் எனக்கு முன்பற்று ஏதும் கிடையாது. நீங்கள் சொல்லும் குறையை ஏற்கிறேன். ஆனால் இயக்குநர் அன்டோன் ஃபுக்வா திருத்திய சிலவற்றையும் அதே தராசில் வைத்தாக வேண்டும்.

ஸ்டர்ஜஸின் படத்தில் ஊர் மெக்சிகோவில் இருக்கிறது. காப்பாற்றுபவர்கள் எல்லையின் வடக்கிலிருந்து வருகிறார்கள். தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாத எளியவர்களாக மெக்சிகோ மக்களைக் காட்டுகிறார்களே என்ற மனக்குறை அப்போதே அந்நாட்டில் இருந்தது. படப்பிடிப்பு அங்கேயே நடந்ததால் அரசின் தணிக்கையாளர்களும் உடனிருந்து கவனித்தார்கள். உழவர்களின் வெள்ளை உடை எப்போதும் அழுக்குப்படாமல் இருப்பதற்குக்கூட அதுதான் காரணம். 2016-இல் ஊர் அமெரிக்காவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆண்டு 1879, ரோஸ் க்ரீக் என்னும் சிற்றூர், தங்கச் சுரங்கம் வைத்திருக்கும் பார்த்தலோமியூ போக், நிலத்துண்டு ஒன்றுக்கு இருபது டாலர் தருகிறேன், வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள் என்கிறார். முன்பு காவலுக்கு வந்தவர்களின் கூலியாக இருந்த அதே இருபது டாலர் இங்கே ஊரைப் பறிப்பதற்கான விலையாகத் திரும்பி வருகிறது. பசிக்காகக் கொள்ளையடிக்கும் கூட்டத்தைவிட, காகிதத்தையும் கையொப்பத்தையும் கொண்டுவரும் முதலாளி எனக்கு அதிக அச்சத்தைத் தந்தார்.

கறுப்பினத் தலைவர், கொரியாவிலிருந்து வந்த நடிகர் லீ பியுங்-ஹன் ஏற்ற கத்தி வீரர், மெக்சிகர், கொமான்சி என்னும் அமெரிக்கப் பழங்குடி இளைஞர் என்று ஏழு பேரை அமைத்ததைச் செயற்கை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்நாளில் மேற்கில் மாடு மேய்த்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாய்வாளர்கள் சொல்லும் மதிப்பீடு. பழைய கௌபாய் படங்கள்தாம் அவர்களை நீக்கிவிட்டன.

எல்லாவற்றுக்கும் மேலாக, எம்மா. கணவனைத் தெருவில் சுட்டுக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவள், ஆட்களைத் தேடிப் புறப்படுகிறாள், துப்பாக்கி ஏந்துகிறாள், கடைசியில் பார்த்தலோமியூ போக்கைச் சுடுகிறவளும் அவளே. 1960-ஆம் ஆண்டுப் படத்தில் பெண்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒளிந்த இடத்திலிருந்து பிடித்து வரப்படுகிறவளுக்குக் காதலைத் தவிர வேறு வேலையில்லை. எம்மாவாக நடித்த ஹேலி பென்னட்டின் முகம் என் மனதில் நிற்கிறது, ஐயா. உங்கள் தந்தையாரிடம் அன்போடு சொல்லுங்கள்.

மறுமொழி, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து

மேலே இருவரும் எழுதியதைப் படித்த பிறகு, உழவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மூன்று படங்களிலும் வயலைத்தான் பார்த்தேன்.

'செவன் சாமுராய்' தொடங்கும்போது கொள்ளையர்கள் மேட்டில் நின்று ஊரைப் பார்க்கிறார்கள். போன அறுப்பில்தான் அரிசியை அள்ளினோம், இப்போது ஒன்றும் இருக்காது, பார்லி விளையட்டும், அப்புறம் வருவோம் என்று பேசிக்கொண்டு திரும்புகிறார்கள். சுள்ளி சுமந்து வந்த ஓர் உழவர் அதைக் கேட்டுவிடுகிறார். கதையின் கடிகாரம் அங்கே ஓடத் தொடங்குகிறது. அது பயிரின் கடிகாரம். கதிர் முற்ற முற்ற நமக்கு வயிறு கலங்குகிறது. விளைச்சலைக் கண்டு மகிழ வேண்டிய உழவன் அதையே கண்டு அஞ்சுவதை இவ்வளவு நேராகக் காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து பார்லியை அறுக்கிறார்கள். அறுத்த நிலத்தில் தண்ணீரைக் கட்டி அகழியாக்குகிறார்கள். குதிரை இறங்க முடியாது. சண்டை முடிந்ததும், சேறாகிக் கிடக்கும் வயலில் நெல் நடவு நடக்கிறது. ஒரே மண் விளைநிலமாகவும் அரணாகவும் மறுபடியும் விளைநிலமாகவும் மாறுவதைக் குரோசாவா விளக்கம் ஏதும் சொல்லாமல் காட்டிவிடுகிறார். இதெல்லாம் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. ஊரைக் காக்கும் திட்டமே இந்த வேளாண் முறையிலிருந்துதான் பிறக்கிறது.

ஓடைக்கு அப்பால் தனித்து நிற்கும் மூன்று வீடுகளைக் கைவிட்டால்தான் நடுவிலுள்ள இருபது வீடுகளைக் காக்கலாம் என்று முடிவாகும் இடத்தையும் பாருங்கள். அந்த மூன்று வீட்டுக்காரர்கள் ஈட்டியை எறிந்துவிட்டு வெளியேற முயலும்போது கம்பேய் வாளை உருவிக்கொண்டு ஓடி அவர்களைத் திருப்புகிறார். எங்கள் ஊரில் வெள்ளம் வந்தபோது, எந்தக் கரையை வெட்டிவிடுவது, யார் வயலை மூழ்கவிடுவது என்று நள்ளிரவில் நடந்த வாக்குவாதத்தில் நான் நின்றிருக்கிறேன். அந்தக் காட்சியில் எனக்கு மூச்சு அடைத்தது.

1960-இல் இதில் பாதி மிஞ்சியிருக்கிறது. ஏழு பேரில் ஒருவராக வரும் சார்லஸ் பிரான்சன், தங்கள் அப்பாக்கள் கோழைகள் என்று சொன்ன சிறுவனை அடித்துவிட்டு, துப்பாக்கி வைத்திருக்கும் என்னைவிடக் குடும்பத்தைச் சுமக்கும் உங்கள் அப்பாவுக்கே துணிவு அதிகம் என்று எடுத்துச் சொல்லும் இடம் உழவனுக்குச் செய்த மரியாதை. 2016-இல் தங்கம் வந்துவிட்டதால் பயிர் போய்விட்டது. கோவை அம்மையார் சொன்னதுபோல் நிலப்பறிப்பு என்பது இன்றைக்கும் பொருந்தும் அருமையான கரு. ஆனால் பறிபோகும் அந்த நிலத்தில் ரோஸ் க்ரீக் மக்கள் எதை விதைத்தார்கள், எப்போது அறுப்பார்கள் என்று படம் முழுவதும் தேடியும் எனக்குத் தெரியவில்லை. அகழிக்குப் பதில் வெடிமருந்து புதைக்கிறார்கள். எதிரி தொடர்ந்து குண்டு பொழியும் கேட்லிங் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஊரைச் சல்லடையாக்குகிறான். அந்த ஊரை எங்கே தூக்கி வைத்தாலும் அதே சண்டை அப்படியே நடந்திருக்கும்.

தொடக்கப் பகிர்வாளரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. எம்மாவைப் பற்றி எழுதியதைத் தந்தையாரிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். அவளை நான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். நானும் என் தீர்ப்பில் அந்த அளவுக்குத் திருத்தம் செய்துகொள்கிறேன். பழைய படத்தின் மேலுள்ள மதிப்பு, அதிலிருந்த குறையைக் காணவிடாமல் என் கண்ணை மறைத்திருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் இருவரும் மூன்று படங்களின் கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். 2016-இல் நான்கு கல்லறைகளும் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. எம்மாவின் குரல், அவர்கள் மகத்தானவர்கள் என்று படத்தின் தலைப்பையே சொல்லி முடிக்கிறது. பிழைத்த மூவரும் ஊரார் பார்த்திருக்கக் குதிரையில் புறப்படுகிறார்கள். நாம் தோற்றோம் என்று யாரும் சொல்வதில்லை; பழி முடிந்தவர் அதைச் சொல்லவும் முடியாது. 1960-இல், வென்றவர்கள் உழவர்கள் மட்டுமே, நாம் எப்போதும் தோற்கிறவர்கள் என்று பிரின்னர் சொல்கிறார். ஆனால் மூவரில் ஒருவனான சிகோ துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறான். அந்தத் தோல்வியில் சற்று ஆறுதல் கலந்திருக்கிறது.

1954-இல் ஆறுதல் இல்லை. ரிகிசி என்னும் உழவர் மேளத்தின் முன்னால் நின்று பாட, பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். இளைய சாமுராய் கத்சுஷிரோவைக் காதலித்த பெண், அவனைக் கடந்து போகும்போது ஒரு கணம் தயங்குகிறாள். பிறகு வயலில் இறங்கி, நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவர்களைவிட உரக்கப் பாடத் தொடங்குகிறாள். கம்பேய் இந்த முறையும் தோற்றோம் என்கிறார். கேமரா மேட்டை நோக்கி உயர்கிறது. கல் இல்லை, பெயர் இல்லை. நான்கு மண்மேடுகள், அவற்றின் மேல் செருகிய வாள்கள், காற்றில் பறக்கும் புழுதி.

தந்தையார் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். கீழே உழவர்களுடைய பழைய இடுகாட்டு மேடுகள் இருக்கின்றன, அவற்றுக்கு மேலே இவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், பார்த்தாயா என்று விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். நான் அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை.